நோவியா: காதலியா, மணப்பெண்ணா?

மாட்ரித் நண்பர் ஸ்பானிஷில் 'மி நோவியா' (என் நோவியா) என்று அறிமுகப்படுத்திய பெண்ணிடம் கல்யாணத் தேதி கேட்டுவிட்டேன் என்கிறீர்கள். பெரிய தப்பில்லை, அகராதியில் 'மணப்பெண்' என்றும்தான் இருக்கும். ஆனால் ஸ்பெயினில் அன்றாடப் பேச்சில் அது காதலி. நிச்சயமானவளும் நோவியாதான், குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'ப்ரொமெதீதா'. கல்யாணத்தன்று மணமகளும் அதே நோவியா! 'விவான் லோஸ் நோவியோஸ்' (மணமக்கள் வாழ்க) என்று விருந்தினர் கூவுவது மணமக்களைத்தான். ஆக, இடம் பார்த்துதான் பொருள் கொள்ள வேண்டும். சிலியில் கதை வேறு: அங்கே காதலி 'பொலோலா', நோவியா என்றால் பெரும்பாலும் நிச்சயம் ஆனவள்.

மனைவிக்கு 'எஸ்போசா' என்று எழுதியிருந்தீர்கள், சரிதான். ஸ்பெயினில் 'மி முகேர்' என்பதே அதிகம் காதில் விழும். அப்புறம், 'எஸ்போசாஸ்' என்று பன்மையில் சொன்னால் கைவிலங்கு என்றும் பொருள். இதை உங்கள் வீட்டில் சொல்லாதீர்கள்.