மருந்துக்கு அடங்காத சந்தேகமும் குரல்களும்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மெத்தம்பெட்டமைன் பழக்கம் இருந்தது, இப்போது விட்டுவிட்டதாகச் சொல்கிறான். ஆனாலும் காதில் குரல் கேட்கிறது, போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான். இரண்டு மாதம் ரிஸ்பெரிடோன், அப்புறம் இரண்டு மாதம் ஒலன்சபின் கொடுத்தும் குறையவில்லை. டாக்டர் குளோசபின் தரலாம் என்கிறார். பயமாக இருக்கிறது. – வாசகி, சென்னை

பதில்: இது உங்கள் தம்பியின் திமிரும் இல்லை, நடிப்பும் இல்லை. மெத், அதாவது மெத்தம்பெட்டமைன், மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் டோபமைன் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது, அதிலிருந்து வருவதுதான் இந்தச் சந்தேகமும் குரல்களும். பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், உள்ளே இருந்த ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயைப் போதை கிளப்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் இதே மெத் ஹிரோபான் என்ற பெயரில் பரவி, 1951இல் தனிச் சட்டமே போட வேண்டியதானது. போதையை விட்டும் சிலருக்குக் குரல்கள் மாதக்கணக்கில் தொடர்வதையும், தூக்கம் கெட்டாலோ கொஞ்சம் எடுத்தாலோ திரும்ப வருவதையும் அங்குள்ள மருத்துவர்கள் அப்போதே கவனித்தார்கள்.

மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டும் முன் மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா, போதுமான அளவில் ஆறு வாரமாவது கொடுத்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் மெத் சில நாட்கள் வரைதான் தெரியும், அதனால் ஒருமுறை பார்த்து நிறுத்தாமல், தம்பியின் சம்மதத்தோடு அவ்வப்போது பரிசோதிப்பது நல்லது. மாத்திரைதான் சிக்கல் என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மருந்து தோற்றிருந்தால், குளோசபினைத் தள்ளிப்போடாதீர்கள். மெத்தால் வரும் பாதிப்பில் இதற்கான ஆதாரம் குறைவு, தனித்தனி நோயாளிகளின் அனுபவங்கள்தான் அதிகம்; ஆனால் மற்ற மருந்துக்கு அடங்காத ஸ்கிசோஃப்ரினியாவில் இதைவிட நல்ல மருந்து இல்லை. சிலருக்கு கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும், அதனால்தான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். தம்பி சிகரெட் பிடிப்பவரா? திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

'போதை எடுத்தவனுக்கு இவ்வளவு பெரிய வைத்தியமா' என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போதை மீட்பு ஆலோசனையும் கூடவே நடக்கட்டும். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தன்னையோ பிறரையோ தாக்குவேன் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.