டிரம்பெட் வாங்கும் முன் வால்வைக் கேளுங்கள்

கேள்வி: களியக்காவிளை பக்கம் எங்கள் ஊர். 13 வயது மகன் கோயில் பேண்ட் செட்டில் டிரம்பெட் பழகுகிறான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குள் சொந்தமாக ஒன்று வாங்கித் தர ஆசை. மீரட்டில் செய்த புதுசு 7,000 ரூபாய். பாறசாலையில் ஒருவர் 15 வருடம் வைத்திருந்த யமஹாவை 14,000-க்குத் தருகிறார். எதை வாங்கலாம்?

பதில்: பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டிரம்பெட்டில் உங்கள் காசு நிற்பது விரலால் அழுத்தும் அந்த மூன்று வால்வில்தான். பெல்லில், அதாவது விரிந்த வாயில், விழுந்த ஒடுக்கைத் தட்டி எடுத்துவிடலாம். மினுமினுப்பு போனாலும் சத்தம் குறையாது. தேய்ந்த வால்வைச் சரிசெய்யும் செலவோ மலிவு டிரம்பெட்டின் விலையையே தாண்டிவிடும்.

சோதிப்பது எளிது. ஒரு வால்வின் பிஸ்டனை (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) அழுத்தாமல், அந்த வால்வின் ஸ்லைடை (இழுத்தால் வெளியே வரும் வளைந்த குழாய்) மட்டும் சட்டென்று உருவுங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று வால்விலும் செய்து பார்க்க வேண்டும். புதிதாக எண்ணெய் விட்ட உடனே எந்த வால்வும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். 10 நிமிடம் ஊதிய பிறகு செய்யுங்கள். அப்புறம், விரலைச் சற்றுச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். விலை குறைந்த புதுசுகளில் பிஸ்டன் அப்போதுதான் சிக்கும். வால்வுகளைக் கழற்றினால் 1, 2, 3 என்று பொறித்த எண்படியே திரும்பப் போட வேண்டும். தேர் கிளம்பும் நேரத்தில் நானே ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டு, காற்றே போகாமல் முகம் சிவக்க ஊதிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பழைய யமஹாவில், உதட்டில் வைத்து ஊதும் மௌத்பீஸைச் செருகும் குழாயான லீட் பைப்பையும் பாருங்கள். பச்சைக் களிம்பு கழுவினால் போய்விடும். பித்தளை மேல் செம்பு நிறத்தில் சிறு புள்ளிகள் தெரிந்தால்தான் கவலை. பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய் செம்பு மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். குழாய் உள்ளிருந்தே தின்னப்பட்டு வருகிறது. ஊதி முடித்து ஈரத்தை வடிக்காமல் பெட்டியில் வைத்தால் வரும் வினை அது.

ஸ்ருதி பார்க்க போனில் ட்யூனர் போதும். பழகும் பிள்ளையின் உதடு நிலையாக நிற்காது என்பதால், பேண்ட் மாஸ்டரை ஊதச் சொல்லுங்கள். அவர் 'சி' ஊதினால் ட்யூனர் 'பி ஃப்ளாட்' காட்டும். பயப்பட வேண்டாம், பி ஃப்ளாட் டிரம்பெட் அப்படித்தான். பெரிய ட்யூனிங் ஸ்லைடை ஒரு விரற்கடை வெளியே இழுத்த நிலையில் ஸ்ருதி சேர்ந்தால் நல்லது. முழுக்க உள்ளே தள்ளியும் தாழ்ந்தே ஒலித்தால் அது வேண்டாம்.

1, 3 வால்வைச் சேர்த்து அழுத்தும் கீழ் 'டி', மூன்றையும் அழுத்தும் 'சி ஷார்ப்' இரண்டும் ஸ்ருதி ஏறித்தான் ஒலிக்கும். லட்ச ரூபாய் டிரம்பெட்டிலும் இதே கதை. தனித்தனியே அழுத்தும்போது சரியாக இருக்கும் குழாய் நீளம், சேர்த்து அழுத்தும்போது போதாமல் போகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 3-ஆம் ஸ்லைடில் விரல் நுழைக்கும் வளையம் இருக்கிறது. ஊதிக்கொண்டே அதை இடது கை விரலால் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். இறுகிக் கிடந்தால், பேரம் பேச வேண்டிய இடம் அது. 'டி' ஏறுகிறது என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டால் விற்பவர் சிரிப்பார்.

மகன் இப்போது ஊதும் மௌத்பீஸை எடுத்துப் போய், இரண்டையும் அதிலேயே ஊதச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது மௌத்பீஸ்களைத்தான்.

சரி, எதை வாங்குவது? யமஹாவின் மூன்று வால்வும் 'டப்' சொல்லி, செம்புப் புள்ளி இல்லையென்றால் 14,000 கொடுக்கலாம். வால்வ் தேய்ந்திருந்தால் பெயருக்காகத் தூக்கி வராதீர்கள். மீரட் சரக்கு இளக்காரமும் அல்ல. அங்கே ஜலி கோத்தி என்ற பகுதியில் தலைமுறைகளாக பேண்ட் வாத்தியம் செய்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசப்படும். கடையில் ஒரே மாதிரி 4 இருந்தால் நாலையும் ஊதிப் பார்த்து எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் 7சி அளவு மௌத்பீஸ் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

கோட்டாற்றில் கொடியேற்றம் நவம்பர் 24. புது டிரம்பெட்டுக்கு உதடு பழக ஒரு மாதமாவது வேண்டும், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.