அதிகம் ஓடிய சூப்பர் கார்: விலை ஏன் குறைகிறது, எப்போது குறையாது?

பயன்படுத்திய ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே போன்ற கார்களை வாங்கவோ விற்கவோ எண்ணுவோர் கேட்டவற்றுள், ஓடிய கிலோமீட்டரைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சாதாரணக் கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. சூப்பர் கார் 50,000 ஓடினாலே விலையை வெட்டுகிறார்களே, அதன் என்ஜின் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

பதில்: தேயாது. முறையாகப் பராமரிக்கப்பட்ட என்ஜினுக்கு 50,000 கிலோமீட்டர் பெரிய தூரமே அல்ல. விலையைக் குறைப்பது தேய்மானத்தைவிட ஒப்பீடுதான். இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை விடுமுறை நாளில் மட்டும் வெளியே வருபவை. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடுபவை. அதே ஆண்டில் தயாரான, அதே நிறமுடைய இன்னொரு கார் 15,000 கிலோமீட்டரில் விற்பனைக்கு நிற்கும்போது, 50,000 ஓடிய கார் விலையில்தான் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

இந்தச் சரிவு சீரானதன்று. 1,000 கிலோமீட்டரிலிருந்து 10,000-க்குப் போகும்போது இழக்கும் மதிப்பு, 50,000-லிருந்து 60,000-க்குப் போகும்போது இழப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஏனெனில் 50,000-ஐத் தாண்டிய காரைத் தேடி வருபவர் ஓட்டுவதற்கென்றே வருபவர், அவருக்கு இன்னொரு பத்தாயிரம் பொருட்டல்ல. மாடலைப் பொறுத்தும் இது மாறும். போர்ஷே 911 டர்போ, ஆடி ஆர்8, ஹோண்டா என்எஸ்எக்ஸ் போன்றவற்றை அன்றாடம் ஓட்டும் காராகவே பலரும் பார்ப்பதால் அவற்றின் கிலோமீட்டரைச் சந்தை ஓரளவு மன்னிக்கிறது. சில நூறு மட்டுமே தயாரிக்கப்பட்ட மாடல் என்றால் அந்தச் சலுகை கிடைக்காது.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் பழைய ஃபெராரி ஒன்று வெறும் 9,000 கிலோமீட்டர் ஓடியதாக விற்பனைக்கு வந்துள்ளது. 55,000 ஓடிய அதே மாடலை அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். ஓட்டி மகிழவே வாங்குகிறேன். எதை எடுப்பது?

பதில்: ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் 55,000 ஓடியதைத்தான் சொல்வேன். வயது செய்யும் கேடு எதையும் ஓடோமீட்டர் காட்டுவதில்லை.

நீங்கள் சொல்லும் காலத்து எஃப்355-ஐ எடுத்துக்கொள்வோம். என்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் அதன் டைமிங் பெல்ட்டை, கார் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். அதற்கு என்ஜினையே கீழே இறக்க வேண்டும். பின்னர் வந்த 360 மாடலில் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள மூடியைத் திறந்தே பெல்ட்டை எட்டலாம். எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலியே வந்துவிட்டது. ஆகவே, ‘ஓடவே இல்லை’ என்பதைக் காரணம் காட்டி எஃப்355-இன் உரிமையாளர் பெல்ட் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தால், அந்தச் செலவு நேராக உங்கள் தலையில் விழும்.

மேலும், நின்றே கிடந்த காரின் ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கும், பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், பெட்ரோல் கெட்டு இன்ஜெக்டரை அடைக்கும். அக்காலத்து ஃபெராரியின் உட்புறப் பொத்தான்களைத் தொட்டுப் பாருங்கள். மேற்பூச்சு இளகி விரலில் பிசுபிசுவென ஒட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: முதலிரண்டு தயாரான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். டயரின் மேல்வரிகள் தேயாமல் இருந்தாலும் பத்தாண்டு பழைய டயரில் இத்தகைய காரை விரட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். ஓடிய காரில் இவையெல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டு, அவற்றின் பில்கள் கோப்பில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: துடுப்பு ஷிப்ட் (ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள பட்டைகளை இழுத்துக் கியர் மாற்றும் அமைப்பு) கொண்ட 2006 லம்போர்கினி கல்லார்டோ ஒன்றைப் பார்த்தேன். 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அக்காலத்து லம்போர்கினியின் ஈ-கியர், ஃபெராரியின் எஃப்1 கியர் ஆகிய இரண்டும் ஒற்றைக் கிளட்ச்சைக் கணினி இயக்கும் அமைப்புகள். இவற்றில் கிளட்ச்சின் ஆயுளை ஓட்டிய விதம்தான் தீர்மானிக்கும். நெரிசலில் ஊர்ந்தும், பார்க்கிங்கில் முன்னும் பின்னும் நகர்ந்தும் பழகிய கார் மிகக் குறைந்த தூரத்திலேயே கிளட்ச்சைத் தின்றுவிடும். நெடுஞ்சாலையில் ஓடியது பல மடங்கு தூரம் தாங்கும். உரிய கருவியைப் பொருத்தினால் தேய்மான அளவைப் படித்துவிடலாம். அந்த அளவை அச்சிட்டுத் தர மறுக்கும் விற்பனையாளரிடம், புதுக் கிளட்ச்சின் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.

கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்த டிஸ்க் சூட்டில் கார்பனை இழந்து எடை குறைந்துகொண்டே வரும் என்பதால், தடிமனை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட்டுப் பார்ப்பதே சரி.

கேள்வி: ஓடோமீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விலையில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது திருத்தும் ஆசையும் இருக்கவே செய்யும். பழைய மாடல்களில் மீட்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டியவர்களும் உண்டு. என்ஜின் கணினியில் பதிவாகும் இயக்க நேரம் இங்கே கைகொடுக்கும். 60,000 கிலோமீட்டரும் 1,500 மணி நேரமும் பதிவாகியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், இது இயல்பானது. 18,000 கிலோமீட்டருக்கு அதே 1,500 மணி நேரம் என்றால் சராசரி 12 தான். நகர நெரிசலைத் தவிர வேறெங்கும் ஓடாத கார் என்று நம்ப நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

போர்ஷே 911-இன் 997 தலைமுறையில் இன்னொரு பயனும் உண்டு. என்ஜின் தன் வேக வரம்பை மீறிச் சுழன்ற தருணங்கள் எத்தனை, அவை எத்தனையாவது மணி நேரத்தில் நிகழ்ந்தன என்பதையும் அந்தக் கணினி பதிந்து வைக்கிறது. நான்காம் கியருக்குப் பதில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்ட ஓட்டுநரின் கைவரிசை அதில் தப்பாது. அத்தகைய பதிவுள்ள 20,000 கிலோமீட்டர் காரைவிட, அது இல்லாத 90,000 கிலோமீட்டர் காருக்கு நான் துணிந்து பணம் கொடுப்பேன்.

கேள்வி: புது என்ஜின் மாற்றினால் கிலோமீட்டர் பூஜ்யம் என்று கருதி விலை கூடுமா?

பதில்: பெரும்பாலும் குறையும். சேகரிப்பாளருக்குத் தொழிற்சாலையில் அந்தக் காருக்கென எண்ணிட்டுப் பொருத்தப்பட்ட அசல் என்ஜின்தான் வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய என்ஜினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரோடு சேர்த்தே விற்கலாம்.

கேள்வி: மிகக் குறைந்த எண்ணிக்கையில் தயாரான கார் என்னிடம் உள்ளது; 1,100 கிலோமீட்டரே ஓடியிருக்கிறது. ஓட்டினால் மதிப்புப் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மொத்தம் 106 மட்டுமே தயாரான மெக்லாரன் எஃப்1 வகையைச் சேர்ந்த கார் ஒன்று, சுமார் 390 கிலோமீட்டர் மட்டும் ஓடிய நிலையில், 2021-இல் 2 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஏலம் போனது. நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் வாங்கிய அதே மாடல் கார் சுமார் 66,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு முறை விபத்தில் சிக்கியது. இருந்தும் 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கியபோது அவர் கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடையில் ஆறு ஆண்டுகள் கடந்திருப்பதால் இரு விலைகளின் வேறுபாடு முழுவதையும் கிலோமீட்டரின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும், அரிய கார் ஓடினாலும் ஏறும், ஓடாதது அதைவிட அதிகம் ஏறும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த வேறுபாட்டை ஓட்டும் இன்பத்துக்கான கட்டணமாக ஏற்க முடியுமா என்பதை நண்பர்களால் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் தயாரான மாடலென்றால் இந்தத் தயக்கமே தேவையில்லை. கல்லார்டோ மட்டும் 14,022 தயாரானது.

கேள்வி: என் எஃப்430 82,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. விற்க முயன்றால், கிலோமீட்டரைக் கேட்டதுமே தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள்.

பதில்: துண்டிப்பவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். விளம்பரத்தின் முதல் வரியிலேயே 82,000 என்று எழுதிவிடுங்கள். மறைத்துப் பிறகு சொல்வதால்தான் சந்தேகம் எழுகிறது. சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். இந்த மாடலின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதியில்) விரிசல் விழுவது பரவலாகத் தெரிந்த குறை என்பதால், மாற்றியிருந்தால் அந்தப் பில்லை முதலில் வையுங்கள். மாற்றவில்லையென்றால் மாற்றிவிட்டு விற்பதா, அதற்கேற்ப விலையைக் குறைப்பதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். சிலிண்டர்கள் அழுத்தத்தைக் காக்கின்றனவா என்று பார்க்கும் என்ஜின் கம்ப்ரெஷன் சோதனையையும் கசிவுச் சோதனையையும் சார்பற்ற மெக்கானிக் ஒருவரிடம் செய்து முடிவுகளை இணைத்துவிட்டால், வருபவர் கிலோமீட்டரை விட்டுவிட்டு அந்த எண்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார். உங்கள் கார் கையால் கியர் மாற்றும் வகையாக இருந்தால் அதைச் சொல்லத் தவறாதீர்கள். எஃப்430-இல் அவை குறைவு என்பதால், அதற்கான கூடுதல் விலை பல நேரங்களில் கிலோமீட்டரால் வந்த இழப்பையே ஈடுகட்டிவிடும்.