‘மிக அருமை’ போதும்! பேச்சு கிளப் கேள்வி-பதில்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி, மேடையில் பேசிப் பழகுகிற கிளப்புகளைப் பற்றி இந்த முறை முப்பது கடிதங்களுக்குக் கொஞ்சம் மேல். பாதி, ஸ்லாட் (கூட்டத்தில் பேச ஒரு முறை) கிடைக்கவில்லை என்ற புலம்பல். அவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். “எங்க கிளப் சரியில்ல சார், என்ன பண்ணலாம்?” என்று ஒற்றை வரி அனுப்பிய மூவருக்குப் பதில் இல்லை. எது சரியில்லை என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

சேர்ந்து எட்டு மாதம். இதுவரை இரண்டே பேச்சு. வி.பி.இ. (யார் எப்போது பேசுவது என்று ஒதுக்குகிற கல்வித் துணைத்தலைவர்) தனக்கு வேண்டியவர்களுக்கே ஸ்லாட் தருகிறார். கிளப் மாறலாமா? (வேளச்சேரி வாசகர், இதே ராகத்தில் இன்னும் பலர்)

முதலில் கணக்கு. மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு மூன்று பேச்சு. மாதம் ஆறு. கிளப்பில் 24 பேர் இருந்தால் ஒருவர் முறை நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வரும். எட்டு மாதத்தில் இரண்டு. உங்கள் வி.பி.இ. அநியாயம் எதுவும் செய்யவில்லை ஐயா, சரியாக வகுத்துத் தந்திருக்கிறார்.

மீதிக் கூட்டங்களில் என்ன செய்தீர்கள்? அதை யாருமே எழுதவில்லை. டைமர் (நேரம் பார்ப்பவர்), ஆ கவுண்டர் (“ஆ”, “ம்” எண்ணுபவர்), கிராமேரியன் (மொழியைக் கவனிப்பவர்), எவாலுவேட்டர் (பேச்சை மதிப்பிடுபவர்), டோஸ்ட்மாஸ்டர் ஆஃப் த டே (கூட்டத்தை நடத்துபவர்) எல்லாமே எழுந்து நின்று பேசுகிற வேலைதான். டைமர்கூடத் தன் வேலை என்ன என்று ஒரு நிமிடம் விளக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வந்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. கைவசம் எப்போதும் ஒரு பேச்சு இருக்கட்டும். சனிக்கிழமை கூட்டம் என்றால் வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் “திடீர் காய்ச்சல், மன்னிக்கவும்” என்று ஒரு செய்தி வந்து விழும். எல்லாக் கிளப்பிலும் விழும். பத்தே காலுக்குள் “நான் பேசுகிறேன்” என்று போடுகிறவருக்கு ஸ்லாட் பஞ்சமே வராது. ஆனால் கைவசம் இருக்கிறது என்றால் எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்து ஒரு முறையாவது பேசிப் பார்த்தது என்று பொருள். பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் ஓட்டியது கணக்கில் சேராது.

கட்டணம் எவ்வளவு? (ஊர், பெயர் எதுவும் இல்லை)

டோஸ்ட்மாஸ்டர்ஸைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு முறை இன்னொரு 20. ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதுப்பிக்க வேண்டும். ரூபாயில் அரையாண்டுக்கு ஐயாயிரம் சொச்சம். அதற்கு மேல் ஹால் வாடகை, டீ, பிஸ்கட் எல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். சில கம்பெனிகளில் ஆபீஸே கட்டிவிடும், எச்.ஆரைக் கேளுங்கள். விருந்தினராகப் போய்ப் பார்க்கப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. பணம் கட்டுமுன் மூன்று கிளப்பாவது ஏறி இறங்குங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சேர்ந்துவிட்டு ஆறாம் மாதம் எனக்கு எழுதாதீர்கள்.

ஆ கவுண்டர் போன கூட்டத்தில் எனக்கு 31 சொன்னார். சேர்ந்தபோது 12தான். மோசமாகிக்கொண்டே போகிறேனா? (சேலம் வாசகி)

இல்லை. முதலில் வந்தவர் “ஆ”, “ம்” மட்டும் எண்ணியிருப்பார். இவர் “வந்து”, “அதாவது”, “என்னன்னா”, “ஸோ”, “பேசிக்கலி” எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறார். நல்ல ஆள், விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையைவிட எந்தச் சொல் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் துரத்துங்கள். வாய் அதைத் தேடும்போது உதட்டை மூடிக்கொண்டால் போதும். உங்களுக்கு யுகமாகத் தெரிகிற அந்த அமைதி, கேட்கிறவருக்கு ஒரு வினாடி.

நான்கு பேச்சு முடித்துவிட்டேன். எல்லா எவாலுவேஷனிலும் “மிக அருமை” என்றுதான் சொல்கிறார்கள். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாமா? (கோவை வாசகர்)

வந்தீர்களா! இதற்காகத்தான் காத்திருந்தேன்.

எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பல ஊர் கிளப்புகளில் உட்கார்ந்து கேட்டவன். எவாலுவேஷன் என்ற பெயரில் நடப்பதில் முக்கால்வாசி திருமண வாழ்த்துரை. “தலைப்பு அருமை, குரல்வளம் அருமை, உடல்மொழி அருமை, இன்னும் சிறப்பாகச் செய்யலாம், வாழ்த்துகள்.” கைதட்டல். எதை இன்னும் சிறப்பாகச் செய்வது? எந்த இடத்தில்? கேட்டால், “மனசு புண்படுமே சார்” என்கிறார்கள். பாராட்டு, யோசனை, மறுபடி பாராட்டு என்கிற சாண்ட்விச் முறையைச் சொல்லிக்கொடுத்தாலும் கொடுத்தோம், இரண்டு ரொட்டியை மட்டும் வைத்து நீட்டுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், இந்தக் கிளப்புகளில் வாத்தியார் என்று ஒருவர் கிடையாது. 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் சாண்டா ஆனா ஊர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி கூட்டிய முதல் கூட்டத்திலிருந்தே ஏற்பாடு இதுதான்: ஒருவர் பேசுவார், கூட இருப்பவர்கள் திருத்துவார்கள். திருத்துகிற வேலை நடக்கவில்லை என்றால் நீங்கள் ஐயாயிரம் கட்டி வாங்கியது கைதட்டலும் சமோசாவும்தான்.

என் மூன்றாவது பேச்சு முடிந்ததும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எவாலுவேட்டராக எழுந்தார். கையில் நான்காக மடித்த தாள். “நீங்க ஏழு நிமிஷமும் வலது பக்க ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினீங்க. இடது பக்கம் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நீங்க பேசவே இல்ல. ‘அப்பாவுக்குக் கடிதம் வந்தது’ன்னு சொன்ன இடத்துல நாலு வினாடி நின்னிருக்கணும். நீங்க தண்ணி குடிச்சீங்க.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பாராட்டு என்று ஒரு சொல்கூட இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் ஜன்னலைப் பார்த்துப் பேசியதில்லை. அந்தக் கூட்டத்தில் வாங்கிய கோப்பை எங்கே போனது என்று தெரியாது. நாலு வினாடி மட்டும் இன்னும் கூடவே இருக்கிறது.

அவர் செய்ததில் இரண்டு சங்கதி கவனியுங்கள். கேட்டதையும் பார்த்ததையும் சொன்னார், தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த வாக்கியம் என்று விரல் வைத்துக் காட்டினார். இரண்டிலிருந்து மூன்று நிமிட எவாலுவேஷனுக்கு அது தாராளம்.

நீங்கள் என்ன செய்யலாம்? பேச்சுக்கு இரண்டு நாள் முன்பே எவாலுவேட்டரைப் போனில் பிடியுங்கள். “என் முடிவுரை சப்பென்று இருக்கிறது, அதை மட்டும் பாருங்கள்” என்று ஒரு வேலையைக் கொடுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காததால்தான் அருமை, அருமை. அப்படியும் “அருமை” என்றால் டீ நேரத்தில் ஓரம் கட்டி, “ஒரு இடத்தை வெட்டச் சொன்னால் எதை வெட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எவராலும் “அருமை” என்று பதில் சொல்ல முடியாது. பாத்வேஸ் என்கிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாடத்திட்டத்தின் முதல் நிலையிலேயே, வாங்கிய திருத்தத்தை அடுத்த பேச்சில் செய்து காட்டுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. அதே பேச்சைத் திருத்தி மறுபடியும் பேசலாம். முக்கால்வாசிப் பேர் சம்பந்தமில்லாமல் புதுப்பேச்சு ஒன்றைப் பேசி டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் எத்தனை பேருக்கு எவாலுவேட்டராக இருந்தீர்கள்? அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? எழுதி அனுப்புங்கள். பயமாக இருக்கிறது.

போட்டியில் 7 நிமிடம் 34 வினாடி பேசியதாகத் தகுதி நீக்கிவிட்டார்கள். கூட்டம் சிரித்துக் கைதட்டியதில் போன நேரம் அது! மேல்முறையீடு உண்டா? (மதுரை வாசகர்)

கிடையாது. ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சு. முன்னும் பின்னும் 30 வினாடி சலுகை. 4:30-க்குக் கீழேயும் போகக்கூடாது, 7:30-க்கு மேலேயும் போகக்கூடாது. சிரிப்பும் கைதட்டலும் உங்கள் கணக்கில்தான் ஏறும். வீட்டில் ஆறரையில் முடிகிற பேச்சுதான் மேடையில் ஏழேகாலில் முடியும். எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

பையனுக்கு 15 வயது. கூச்ச சுபாவம். சேர்க்கலாமா? (திருச்சியிலிருந்து ஓர் அம்மா)

உறுப்பினராக 18 நிறைய வேண்டும் அம்மா. அதற்குக் குறைந்தவர்களுக்கென்று இளையோர் தலைமைப் பயிற்சி என்று எட்டு அமர்வுகள் கொண்ட ஒன்றைக் கிளப்புகள் நடத்துவதுண்டு. கேவல் (Gavel) கிளப் என்ற ஏற்பாடும் இருக்கிறது. பக்கத்துக் கிளப்பின் தலைவரிடம் விசாரியுங்கள். பையனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழ் கிளப்பா, ஆங்கில கிளப்பா? என் ஆங்கிலத்தில் ஊர் வாடை வீசும். (திருநெல்வேலி வாசகர்)

வீசட்டும். 2014-ல் கோலாலம்பூரில் உலகப் பேச்சுப் போட்டியை வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. அடுத்த வருஷம் வென்றவர் சவூதிக்காரரான முகம்மது கஹ்தானி, சின்ன வயதில் திக்குவாய். வாடைக்கு யாரும் மார்க் குறைப்பதில்லை.

ஆபீசில் எந்த மொழியில் வாயடைத்துப் போகிறீர்களோ அந்த மொழிக் கிளப்பில் சேருங்கள். தமிழ் கிளப் என்றால் ஒன்றே ஒன்று. “அவைத்தலைவர் அவர்களே, பொது மதிப்பீட்டாளர் அவர்களே, ஆன்றோரே, சான்றோரே” என்று பட்டிமன்ற பாணியில் விளித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடியிருக்கும். ஏழில் ஒன்று! ஒரே ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராகக் கதைக்கு வாருங்கள்.

டேபிள் டாபிக்ஸில் (திடீர்க் கேள்விக்கு அங்கேயே எழுந்து பதில் பேசுகிற பகுதி) பெயரைக் கூப்பிட்டதும் மூளை வெறுமையாகிவிடுகிறது. (ஓசூர் வாசகி)

எல்லோருக்கும் ஆகும். கேள்வியை நிதானமாக ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள், பத்து வினாடி கிடைக்கும். பிறகு ஒரு பக்கம் சாயுங்கள். “இதுவும் சரி, அதுவும் சரி” என்று ஆரம்பித்தால் முப்பதாவது வினாடியில் சரக்கு தீர்ந்துவிடும். சாய்ந்த பக்கத்துக்கு ஒரு சம்பவம்: உங்கள் வீட்டில், தெருவில் நடந்தது. மழைக்காலம் பிடிக்குமா என்று கேட்டால் பருவநிலை மாற்றத்துக்குப் போகாதீர்கள், மாடியில் காய்ந்த வற்றலைப் பற்றிப் பேசுங்கள். டைமர் காட்டுகிற பச்சை அட்டை ஒரு நிமிடத்தில் வரும், அதைப் பார்த்ததும் முடிக்கத் தொடங்கலாம். இரண்டு நிமிடத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

ஐஸ்பிரேக்கரை (தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் பேச்சு) சாட்ஜிபிடியில் எழுதிக்கொள்ளலாமா? (ஊர் இல்லை)

உங்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? போன மாதம் இரண்டு வெவ்வேறு கிளப்பில் இரண்டு பேர் “வாழ்க்கை என்பது ஒரு பயணம்” என்று தொடங்கினார்கள். மூன்றாமவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

என்னைப் பொருளாளர் ஆகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். பேச வந்த இடத்தில் கணக்கு எதற்கு? (சென்னை வாசகர்)

ஜூலையிலிருந்து ஜூன் வரை ஒரு வருஷம்தானே, ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தா பாக்கி வைத்திருக்கிற இருபது பேரைக் கோபப்படுத்தாமல் பணம் கேட்டு வாங்குவதைவிடக் கடினமான பேச்சுப் பயிற்சி பாத்வேஸில் இல்லை. வி.பி.இ. பதவி மட்டும் முதல் வருஷம் வேண்டாம். காரணம், இந்தப் பகுதியின் முதல் கடிதம்.

வீட்டில் எதைச் சொன்னாலும் மூன்று விரலை நீட்டி “மூன்று விஷயங்கள்” என்று தொடங்குகிறேனாம். மூன்றாவது எப்போதும் மறந்துவிடுகிறதாம். மனைவி கிண்டல் செய்கிறார். (ஈரோடு வாசகர்)

கேட்டதைச் சொல்லியிருக்கிறார், எந்த இடம் என்று விரல் வைத்தும் காட்டியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவரை விருந்தினராகக் கூட்டி வாருங்கள். உங்கள் ஊரில் எவாலுவேட்டருக்குத் தட்டுப்பாடு என்று கேள்வி.