வார்டு வேலைக்கு நடுவில் சினிமா, அனிமே பார்க்க எப்படி மனசு வருகிறது?

கேள்வி கேட்டவர் விரிவாகவே கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால்வாய் ஓரம், வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் என்று அலைகிறீர்கள், ராத்திரியானால் ஜப்பான் கார்ட்டூன் பற்றி எழுதுகிறீர்கள், ஊரில் இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது இதற்கு நேரமும் மனசும் எங்கிருந்து வருகிறது என்று. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு ராத்திரியைச் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நான் இருப்பது வட சென்னையில், கொருக்குப்பேட்டை. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர், அதில் சாக்கடையும் சேர்ந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரர்களை எல்லாம் மாடி வீடுகளில் ஏற்றினோம். எங்கள் வீட்டு மாடி அறையில் மட்டும் ஒன்பது பிள்ளைகள். பெரியவர்கள் படிக்கட்டிலும், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழேயும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் உயிரோடு இருந்த போன் மூன்றோ நான்கோதான். அதில் ஒன்று என்னுடையது. 34 சதவீத சார்ஜ். பின் தெருவில் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒரு ஆயா, அடுத்த சந்தில் எட்டு மாதக் கர்ப்பிணி. படகு எப்போது வரும், பால் எப்போது வரும் என்ற தகவல் எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வரும்.

இடி இடிக்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பெண் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி மேல வருமாக்கா?" வராது, வராது என்று சொல்லிச் சொல்லி எனக்கே பயம் பிடித்துவிட்டது.

போனில் ஜப்பான் அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' இறக்கி வைத்திருந்தேன். 1988-ல் வந்த படம். இருபது நிமிஷம் மட்டும், வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து போடாமல் நேரே பேருந்து நிறுத்தக் காட்சிக்குப் போனேன். அங்கேயும் மழை ராத்திரிதான். அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிறாள் ஒரு பெண். தங்கை அவள் முதுகிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்தில் பூதம் மாதிரி ஒரு பெரிய உருவம் வந்து நிற்கிறது, தலையில் ஒரு இலை. அதுதான் அதற்குக் குடை. பாவம் என்று அப்பாவுக்குக் கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டு குடைமேல் டப்பென்று விழுகிறது. அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகிறது. இன்னும் சில சொட்டு. ஆசை தாங்காமல் எகிறிக் குதிக்கிறது. தரை அதிர்ந்து, மரத்திலிருந்த தண்ணீர் மொத்தமும் மடமடவென்று குடைமேல் கொட்டுகிறது.

ஒன்பது பேரும் சிரித்தார்கள். முந்தின நாளிலிருந்து மழைச் சத்தத்துக்கே நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள். "இன்னொரு வாட்டி குதிக்கச் சொல்லுக்கா" என்றாள் அந்தச் சின்னப் பெண். இன்னொரு வாட்டி போட்டேன்.

27 சதவீதத்தில் அணைத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் படகுக்காரர் கூப்பிட்டபோது 19 இருந்தது. கர்ப்பிணிப் பெண்ணை அந்தப் படகில்தான் அனுப்பினோம். பிள்ளைகளுக்குச் செலவான அந்த ஏழு சதவீதத்தை வீண் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

தண்ணீர் வடிந்தது, நனைந்த மெத்தைகள் குப்பை லாரியில் ஏறின, பொங்கலும் முடிந்தது. ஒரு சாயங்காலம் ஒன்பது பேரும் வந்து கதவைத் தட்டினார்கள். "அக்கா, அந்தக் குண்டுப் பூனை படம் மீதி போடு."

கூட்டமாகப் படம் பார்ப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் காலை குழாயடியில் முழுப் படத்தையும் ஓட்டுவார். சண்டைக்கு வாயாலேயே சத்தம், பாட்டுக்குத் தாளம், இடைவேளைக்கு ஒரு பீடி. டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவர்கள் அப்பா சொல்லக் கேட்டே அந்தப் படத்தைப் பார்த்த கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். 2020-ல் அகஸ்தியாவை மூடிவிட்டார்கள். அப்பா போய் அதன் கேட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது யாரிடமும் பேசவில்லை.

சரி, மொட்டை மாடிக்கு வருகிறேன். திரைக்கு, யாரோ காதுகுத்து விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர். திருப்பிக் கட்டினால் நல்ல வெள்ளை. ஒரு நண்பரின் ஆபீசில் ஒதுக்கிப் போட்டிருந்த புரொஜெக்டர். துணி காயப்போடும் கம்பியில் பேனரைக் கட்டி, நாலு மூலையிலும் செங்கல் தொங்கவிட்டோம். பிள்ளைகளுக்கு ஷின்சானும் டோரேமானும் தமிழில் பேசியே பழக்கம். "இவங்க ஏன் தமிழ்ல பேசல?" என்று கேட்டார்கள். சப்டைட்டில் ஆங்கிலம், அது ஓடுகிற வேகத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. அதனால் நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் தெருப் பேச்சிலேயே கதை சொல்ல ஆரம்பித்தேன். ஜப்பானில் பேசாப்பட காலத்தில் இப்படித் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதே ஒரு தொழிலாக இருந்தது, அவர்களுக்கு பென்ஷி என்று பெயர். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ நானும் அதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவதோ நான்காவதோ படமாக மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' போட்டேன். 2001-ல் வந்து, 2003-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. தெய்வங்கள் வந்து குளித்துவிட்டுப் போகிற ஒரு குளியல் விடுதியில் கதை நடக்கிறது. ஒரு நாள் நாற்றம் பிடித்த விருந்தாளி ஒருவர் வருகிறார். உடம்பெல்லாம் சேறு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் அந்த வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். குளிப்பாட்டும்போது அவர் விலாவில் முள் மாதிரி ஏதோ குத்திக்கொண்டிருப்பது அவள் கையில் படுகிறது. கயிறு கட்டி விடுதியே சேர்ந்து இழுக்கிறது. வருவது சைக்கிள். அதன் பின்னால் ஒரு மலை அளவு குப்பை. கடைசியில் பார்த்தால் அவர் ஒரு ஆற்றின் தெய்வம். மியாசாகி தன் வீட்டுப் பக்கத்து ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது நிஜமாகவே சேற்றிலிருந்து ஒரு சைக்கிளை இழுத்திருக்கிறார். அந்த அனுபவம்தான் இந்தக் காட்சி.

சைக்கிள் வந்ததும் பிள்ளைகள் கத்திய கத்தலில் எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள். "நம்ம கால்வாயில இழுத்தா லாரியே வரும்" என்றார் அப்பா. பிள்ளைகள் திரும்பி, சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டில் கிடக்கும் கால்வாயை எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் படத்திலேயே தன் பெயரை மறந்துபோன ஒரு பையனும் வருகிறான். அவனும் ஒரு ஆறுதான். அந்த ஆற்றைத் தூர்த்து அதன்மேல் அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது விழுந்த ஆற்றின் பெயரை நினைவுபடுத்திச் சொன்னதும்தான் அவனுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைக்கிறது. படம் முடிந்து பேனரை அவிழ்க்கும்போது ஏழாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான். "அக்கா, நம்ம கால்வாய்க்கு இன்னா பேரு?"

கூவம் என்றான் இன்னொருவன். எங்கள் பக்கத்தில் கறுப்பாக ஓடுவதெல்லாம் கூவம்தான். எனக்கும் பள்ளிக்கூட நாட்களில் அப்படித்தான் தெரியும். அது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய துண்டுதான் இதன் தொடக்கம். அப்போது கோக்ரேன் கால்வாய் என்று பெயர். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். பசியால் வாடிய ஜனங்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. இதையெல்லாம் படித்துச் சொன்னேன். பின் தெரு ஆயா அதைவிட நன்றாகச் சொன்னார். "படகு வரும்டா. பேசின் பிரிட்ஜாண்ட சவுக்குக் கட்டை இறக்குவாங்க. நாங்க ஓடிப்போய் சிலாம்பு பொறுக்கினு வருவோம் அடுப்புக்கு." பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. "இதுலயா? படகா?"

பெயர் தெரிந்த பிறகு அவர்கள் அதைப் பார்க்கிற விதம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கால்வாயில் இறக்கவில்லை, யாரும் இறக்கவும் கூடாது. அந்தச் சேற்றில் மனிதரை இறக்குகிற வழக்கமே ஒழிய வேண்டும். அவர்கள் செய்தது வேறு. ஆறு தெருவையும் நடந்து, ஒவ்வொரு மழைநீர் வடிகால் குழியையும் சார்ட் பேப்பரில் குறித்தார்கள். தண்ணீர் இறங்குகிற குழிக்கு நீலம், மண் அடைத்ததற்குச் சிவப்பு, மூடி உடைந்ததற்குக் கறுப்பு. சைக்கிள் காட்சி மனதில் இருந்ததால், கால்வாயில் தண்ணீர் போய் விழும் வாயில் என்ன அடைத்திருக்கிறது என்பதையும் படமாக வரைந்தார்கள். தெர்மாகோல், ஹெல்மெட், சட்டம் உடைந்த சாமி படம், பாதி சோபா.

மாநகராட்சியின் புகார் போன் எண்ணான 1913-க்கு நான் போட்ட புகார்களை எல்லாம் தேதி, புகார் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் பகுதி தண்டையார்பேட்டை மண்டலத்தில் வருகிறது. ஏரியா சபைக் கூட்டத்துக்கு நோட்டையும் சார்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோனோம். நோட்டைப் புரட்டிப் பார்த்து மூடிவிட்டார் வந்திருந்த பொறியாளர். சார்ட்டைத் தரையில் விரித்ததும் குனிந்துவிட்டார். எந்தக் குழி எந்த வீட்டுக்கு எதிரே என்று விரல் வைத்துக் கேட்டார். பதில் சொன்னது அந்த ஏழாவது படிக்கிற பையன். அந்த மழைக்காலத்துக்கு முன்பே சிவப்புக் குழிகளில் பெரும்பாலானவற்றைத் தூர் வாரினார்கள். ஒரு தெருவில் மட்டும் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அங்கே வடிகாலின் வாய் தாழ்வாக இருப்பதால், கால்வாயில் மட்டம் ஏறினால் தண்ணீர் வடிவதற்குப் பதில் திரும்பி உள்ளே வருகிறது. தூர் வாரினால் தீருகிற பிரச்சினை அல்ல அது, கட்டுமான வேலை. அதற்காக இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மட்டம் ஏன் ஏறுகிறது என்று பார்த்தால் எண்ணூருக்குப் போக வேண்டும். இந்தக் கால்வாய் வடக்கே அங்கேதான் கழிமுகத்தில் சேர்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் எங்கள் தெருவுக்கும் அது வந்து சேரும். எண்ணூர் எனக்குப் பழைய இடம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எர்ணாவூர்க் கரையில் மீனவர்களோடு வரிசையாக நின்று வாளியால் அள்ளினோம். தார் மாதிரி கெட்டியாக இருக்கும், வாளியைக் கவிழ்த்தாலும் விழாது, கையால் வழிக்க வேண்டும். ஒரு வாரம் சோற்றில்கூட அந்த வாடை அடித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் வந்து, கூழைக்கடாக்கள் கறுத்த சிறகோடு அலையாத்தி மரங்களில் உட்கார்ந்திருந்தன.

மியாசாகியின் 'நௌசிகா' (1984) எனக்கு அதனால்தான் அவ்வளவு நெருக்கம். விஷக் காடு என்று எல்லாரும் எரிக்கத் துடிக்கிற காடு, உண்மையில் மண்ணிலிருக்கும் விஷத்தை உறிஞ்சிச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கும். ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் ஆலைக் கழிவோடு பாதரசம் கலந்து ஜனங்கள் நோயில் விழுந்த வரலாறு அந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல். கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிக்கிற ஒரு அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அலையாத்தி வேரைக் காட்டி, "இத வெட்டாம வுட்டா போதும்மா, மீதிய அது பாத்துக்கும்" என்றார். படம் பார்க்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

பெரிய பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பான் அனிமே படம் தமிழிலேயே தியேட்டருக்கு வந்தபோது தெருவே கிளம்பிப் போனது. எனக்கு அவ்வளவு சண்டை ஒத்துவராது, ஆனால் அந்தப் படம் விட்டு வந்த பையன்கள்தான் மாடிப் படத்துக்கும் வர ஆரம்பித்தார்கள், இப்போது நாற்காலி தூக்குவதும் ஒயர் இழுப்பதும் அவர்கள்தான். சினிமாவில் எங்கள் ஊர்ப் பையன் என்றால் பெரும்பாலும் கையில் கத்தியோடு வருவான். 2014-ல் 'மெட்ராஸ்' வந்தபோது வியாசர்பாடிக் குடியிருப்பில் ஃபுட்பால் ஆடுகிற, நடனம் ஆடுகிற, ஒரு சுவருக்காக அரசியல் பேசுகிற பையன்களைப் பார்த்து அப்பா, "இது நம்ம ஆளுங்கடா" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பேனர் கட்டுகிற பையன்களையும் யாராவது ஒரு நாள் படமாக எடுக்க வேண்டும் என்று ஆசை.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை எனக்கு, ஷிஃப்ட் முடிந்தால் முடிந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை படம், ஞாயிறு காலை தெரு வேலை. சனிக்கிழமை படம் போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவதை நோட்டைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.

இப்போது கால்வாய்ச் சுவரில் அதன் பெயரைப் பெரிதாக எழுத அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் காத்திருக்காமல் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு படகு, சவுக்குக் கட்டைகள், படகுமேல் குடை பிடித்த குண்டுப் பூனை. 'பக்கிங்கம்' என்று எழுதியிருந்தார்கள். போன ஞாயிறு நான் போய் ஒரு துணைக்கால் போட்டுவிட்டு வந்தேன்.