"ஆல்ஃபா ஓநாய் மாதிரி இரு" என்கிறார் மேனேஜர். ஓநாய்க் கூட்டத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு தலைவன் உண்டா?

கிடையாது. கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களையும் டீம் பில்டிங்குக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள்.

எங்களுக்கு பெங்களூரு கனகபுரா ரோட்டில் ஒரு ரிசார்ட். சனிக்கிழமை. பெல்லந்தூரிலிருந்து விடியற்காலை பஸ். இறங்கியதும் ஆளுக்கொரு கறுப்பு டி-ஷர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் 'வுல்ஃப் பேக்', அதன் கீழே நீலக் கண்ணோடு ஒரு முகம். அது ஹஸ்கி நாய் ஐயா. ஓநாய்க்குக் குட்டியில்தான் கண் நீலம், வளர்ந்தால் மஞ்சளாகிவிடும்.

பயிற்சியாளர் அந்தப் படத்தைப் போட்டார். பனியில் ஓநாய்கள் வரிசையாகப் போகுமே, அதுதான். முன்னால் போகும் மூன்றும் கிழடு, நோயாளி; கடைசியில் தனியாக வருவதுதான் தலைவன், எல்லாரையும் கவனித்தபடி வருகிறான் என்றார். முதல் வரிசையில் எங்கள் மேனேஜர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். சார், அது கனடாவின் வுட் பஃபலோ பூங்காவில், 2011இல் வந்த ஒரு பிபிசி தொடருக்காக எடுத்தது. முன்னால் போகிற ஓநாய் பனியை மிதித்துத் தடம் போடுகிறது, பின்னால் வருவதற்கு அலுப்பு குறைவு, அவ்வளவுதான். "நல்ல பாயிண்ட், பிரேக்கில் பேசுவோம்" என்றார். பிரேக்கில் ஆளைக் காணோம்.

சண்டை போட்டு ஜெயித்ததுதான் தலைவன் என்கிற ஆல்ஃபா விஷயமும் இப்படித்தான். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் எழுதியது, சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. 1970இல் ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். பிறகு அவரே காட்டில் பார்த்துவிட்டு 1999இல் மறுத்து எழுதினார், அந்தப் புத்தகத்தை இனி அச்சடிக்காதீர்கள் என்று பதிப்பகத்திடமும் கேட்டார். காட்டில் கூட்டம் என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். பெற்றவர்கள் முன்னால் நிற்கிறார்கள். இதில் சண்டை போட்டுப் பிடிக்க என்ன பதவி இருக்கிறது?

என் தங்கை வீட்டுக்காரருக்கு கொப்பளில் வேலை. 2025இல் பங்காபுராவில் ஓநாய்க்கென்றே சரணாலயம் அறிவித்தார்களே, அந்த மாவட்டம். அங்கே வயலில் கிடை போட்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தோளா (கன்னடத்தில் ஓநாய்) வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போய்விட்டது என்று வாய்விட்டுத் திட்டினார். வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே, "அதுக்கும் குட்டி இருக்கில்ல" என்றார் கன்னடத்தில்.

உடனே 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சில் ஓநாய் தாக்கிக் குழந்தைகள் செத்தது மறந்துவிட்டதா என்று கமெண்டில் வராதீர்கள். மறக்கவில்லை. ஓநாயைச் சாமியாக்கச் சொல்லவில்லை, மேனேஜரோடு சேர்க்காதீர்கள் என்கிறேன்.

அப்புறம், அந்தச் சனிக்கிழமைக்கு காம்ப்-ஆஃப் கேட்டேன். அது வேலை இல்லை, ஃபன் என்று ஹெச்ஆரிலிருந்து மெயில். லீவு தர முடியாததில் ரொம்ப வருத்தமாம். ஆடு நனைகிறதே என்று அழுத கதைதான். டி-ஷர்ட்டுக்கான காசை டீம் ஃபண்டில் கழித்துவிட்டார்கள், அந்த ஃபண்டில் மாசாமாசம் போடுவது நாங்கள். எக்ஸ்எல் கேட்ட எனக்கு வந்தது மீடியம்.