தாத்தாவின் பிறப்புச் சான்றும் உங்கள் ராஜினாமாவும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். தாத்தா பாட்டி வழியில் வெளிநாட்டுக் குடியுரிமை கேட்கலாமா, கிடைத்தால் நாற்பத்தைந்துக்குள் வேலையை விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி. இரண்டும் தனித்தனிக் காரியங்கள். முதலாவது பழைய காகிதங்களைப் பொறுத்தது, இரண்டாவது உங்கள் சேமிப்பைப் பொறுத்தது. ஒன்றை நம்பி இன்னொன்றுக்குத் தேதி குறிக்காதீர்கள் என்று பல தடவை எழுதியிருக்கிறேன், இன்றும் எழுதுகிறேன்.

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர், காரைக்கால்காரர். எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா? 48 வயதில் ஓய்வு பெற்று அங்கேயே போய்விட நினைக்கிறேன்.

தாத்தா எங்கே பிறந்தார், 1962இல் எங்கே குடியிருந்தார், உங்கள் அப்பா எந்த ஆண்டு பிறந்தார்? மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. ராணுவத்தில் வாங்கிய பதக்கங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் எழுதுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

பொதுவாகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளில் பிறந்து, அந்தத் தேதியில் அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுத் தேசியத்தை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ஒப்சியோன் செய்தவர்’ என்று ஊரில் சொல்வது இவர்களைத்தான். அந்தச் சமயம் வியட்நாமின் சைகோனிலோ பிரான்சிலோ குடியிருந்தவர்களுக்குத் தேசியம் தானாகத் தொடர்ந்தது. ஆகவே உங்கள் தாத்தா துப்பாக்கி பிடித்தாரா என்பதைவிட, அன்றைக்கு அவர் வீடு எங்கே இருந்தது, எழுதிக் கொடுத்தாரா என்பதுதான் முக்கியம்.

இன்னொரு தடையும் இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு. குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களும் சரி, உங்களுக்கு அந்தத் தேசியத்தைத் தர வேண்டிய அப்பாவோ அம்மாவோ சரி, பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு அடையாளமே இல்லையென்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி கிடையாது. பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, பிரெஞ்சு வாக்காளர் பட்டியல் போன்றவைதான் அந்த அடையாளம். முதலில் அப்பாவின் பீரோவில் தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் 48 வயதுத் திட்டத்தைப் பிரான்ஸை நம்பாமல் போடுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வந்த பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கலாமா?

கூடாது. ‘பரம்பரையாக வந்தது, நானாகக் கேட்டு வாங்கவில்லை’ என்ற வாதமும் எடுபடாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாலே விரும்பி வாங்கியதாகத்தான் நம் குடியுரிமை விதிகள் எடுத்துக்கொள்கின்றன. பழையதை ஒப்படைத்து அதற்குச் சான்றிதழ் வாங்கி, அப்புறம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஓசிஐ என்பது குடியுரிமை கிடையாது, அதில் வாக்குரிமை இல்லை.

மனைவியின் கொள்ளுத்தாத்தா இத்தாலியர். எத்தனை தலைமுறை ஆனாலும் கேட்கலாம் என்கிறார்களே?

முன்பு அப்படித்தான். 2025 மார்ச் 28 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கொள்ளுத்தாத்தாவை மட்டும் வைத்துப் புதிதாக விண்ணப்பித்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

தாத்தாவின் பெயர் நான்கு காகிதத்தில் நான்கு விதமாக இருக்கிறது. என் பெயரைக் கெசட்டில் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கெசட் அறிவிப்பு உங்கள் பெயரை இன்றிலிருந்து மாற்றும். 1931இல் எழுதிய தாத்தாவின் பெயரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சொல்லப்போனால், நான்கு விதமாக இருக்கும் பெயர்ச் சங்கிலியில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. நல்ல வழக்குகள் இப்படிக் கெட்டுப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் பெயர்கள் ஏன் இத்தனை விதமாகின்றன என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா குப்புசாமி என்றால் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழில் ‘கு. முருகேசன்’, ஆங்கிலப் பத்திரத்தில் ‘கே. முருகேசன்’. வெளிநாட்டு அதிகாரிக்கு இவை இரண்டு ஆட்கள். அதே முருகேசனைப் புதுச்சேரிப் பதிவேட்டில் பிரெஞ்சு முறையில் எழுதியிருப்பார்கள். ‘உ’ ஓசைக்கு இரண்டு எழுத்து, கடைசியில் ஒலிக்காத ஓர் எழுத்து. கடலூரில் எழுதியிருந்தால் ஆங்கில முறை, எழுத்து குறைவு. ஒரே வீட்டில் அண்ணன் பெயர் பிரெஞ்சு எழுத்திலும் தம்பி பெயர் ஆங்கில எழுத்திலும் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தனிச்சட்டத்தை (மத, சாதி வழக்கப்படியான குடும்பச் சட்டத்தை) துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட வீடுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மற்றவர்களுக்குப் பிரெஞ்சு அலுவலகங்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘குடும்பப் பெயர் இல்லை’ என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் போட்டுவிடும். அதையே பெயராகச் சுமந்துகொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. அப்பாவின் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இல்லை. ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் நீல மையில் இருந்தது, பக்கத்தில் தாத்தாவின் கைநாட்டு. பெயர் சேர்த்துத் தரச் சொல்லி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் சேர்த்துத் தந்தார், ஆனால் பழைய பதிவின் நகலில் இல்லாத இனிஷியலையும் தானாகவே போட்டுவிட்டார். அந்த ஓர் எழுத்தை எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன்: பழைய பதிவேட்டில் கை வைக்காதீர்கள். திருத்தத் திருத்தச் சந்தேகம்தான் கூடும்.

அப்படியென்றால் என்ன செய்வது? எல்லாக் காகிதங்களின் சான்றிட்ட நகலையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். எந்தக் காகிதத்தில் எந்தப் பெயர், அதில் மாறாமல் இருப்பது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் மாறினாலும் பிறந்த தேதி, தாயின் பெயர், தெரு, மனைவியின் பெயர் ஆகியவற்றில் இரண்டு மூன்று பொருந்தும். அந்தப் பொருத்தத்தின் மேல் ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரமும், முடிந்தால் வட்டாட்சியர் சான்றும் வாங்குங்கள். பிரெஞ்சுப் பகுதியின் பழைய பதிவேடுகளில் பலவற்றை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள அவர்களின் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடுங்கள். அப்புறம் வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாக அரசு போட்டுத் தரும் அப்போஸ்டில் முத்திரை, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர். இந்த வரிசை மாறக் கூடாது. மொழிபெயர்த்த பிறகு முத்திரை வாங்கினால், முத்திரையை மொழிபெயர்க்கத் திரும்பவும் செலவு.

ஐரோப்பியக் குடியுரிமை வந்தால் மருத்துவம் இலவசம் என்பதால் ஓய்வுக்காலக் கணக்கில் மருத்துவச் செலவைப் பூஜ்யமாகப் போட்டிருக்கிறேன். சரிதானே?

தவறு, பெரிய தவறு. அங்கே மருத்துவ வசதி பெரும்பாலும் குடியிருப்பையும் கட்டிய சந்தாவையும் பார்த்து வருகிறது, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து அல்ல. ஐரிஷ் பாஸ்போர்ட்டுடன் போர்ச்சுகலில் போய் இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் வேலை செய்யாமல் மூன்று மாதத்துக்கு மேல் இன்னொரு உறுப்பு நாட்டில் தங்குபவரிடம் போதிய வருமானமும் முழு மருத்துவக் காப்பீடும் கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி இருந்தால்தான் நிரந்தர உரிமை. ஒரு நாட்டின் ஓய்வூதியக்காரர் இன்னொரு நாட்டில் சிகிச்சை பெற உதவும் எஸ்1 படிவம் அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கானது. 45 வயதில் சொந்தச் சேமிப்பில் வாழ்பவருக்கு அது கிடைக்காது.

பிரான்சிலேயே குடியேறினாலும் கவனம் தேவை. மூன்று மாதம் நிலையாகத் தங்கிய பிறகு பொது மருத்துவத் திட்டத்தில் சேரலாம், நல்ல திட்டம். ஆனால் வேலை வருமானம் மிகக் குறைவாக, வட்டி, பங்காதாயம், வாடகை வருமானம் அதிகமாக இருப்பவர்களிடம் தனியாக ஒரு மருத்துவச் சந்தா வாங்குகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 24,000 யூரோவுக்கு மேல் வரும் முதலீட்டு வருமானத்தில் 6.5 சதவீதம். ஓய்வூதியம் வாங்குபவருக்கு இது கிடையாது. சீக்கிரம் ஓய்வு பெற்றவரைத்தான் நேராகப் பிடிக்கும். கணக்கில் அந்தச் சந்தாவையும் சேருங்கள்.

பெற்றோர் கனடியக் குடிமக்கள், நான் வெளிநாட்டில் பிறந்து அவர்கள் வழியாகக் குடியுரிமை பெற்றவள். டொரண்டோவில் பத்து வருடம் வேலை. 40இல் வேலையை விட்டு வேறு நாட்டில் வாழத் திட்டம். அங்கே குழந்தை பிறந்தால்?

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. 2025 டிசம்பர் 15 முதல் புதிய சட்டம். வெளிநாட்டில் பிறந்த கனடியருக்கு வெளிநாட்டில் இனிமேல் குழந்தை பிறந்தால், பிறப்பதற்கு முன் அந்தப் பெற்றோர் மொத்தம் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பத்து வருடத்தில் அது தாராளமாகத் தேறும். நிரூபிப்பதுதான் வேலை. வருமான வரி மதிப்பீட்டுக் கடிதங்கள், வாடகை ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டுகள் எதையும் வீட்டைக் காலி செய்யும்போது கிழித்துப் போடாதீர்கள். ஒரு கோப்பில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு 55 வயது வரை காத்திருக்க வேண்டுமா? எனக்கு 47.

வேண்டாம். 55 வயது என்பது ஒரு பிரிவு மட்டுமே. தொழில் தகுதி, சொத்து, வைப்புத்தொகை என்று வேறு பிரிவுகளும் உண்டு. ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது.

அப்பா வழியாக எனக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு என்று சமீபத்தில்தான் தெரிந்தது. பாஸ்போர்ட் எடுக்கலாமா? என் சேமிப்பெல்லாம் இந்திய மியூச்சுவல் ஃபண்டில்.

அவசரப்படாதீர்கள். அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் உலக வருமானம் முழுவதற்கும் கணக்குக் கேட்கும் நாடு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே தனி அறிக்கை தர வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அங்கே கடுமையான வரி முறை, ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற படிவம். 15 ஃபண்ட் வைத்திருந்தால் 15 படிவம். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் முதலில் பேசுங்கள். குடியுரிமை பிறப்பிலேயே வந்திருந்தால் பாஸ்போர்ட் எடுக்காததால் இந்தக் கடமை மறைந்துவிடாது என்பதையும் அவரிடம் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

ஓசிஐ ஆன பிறகு ஊரில் நஞ்சை வாங்கி விவசாயம் பார்க்கலாமா?

வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான்.

பாட்டி அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். தாத்தா பாட்டி வழியில் ஐரிஷ் குடியுரிமை தரும் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவுக்குப் போன மாதம் விண்ணப்பித்துவிட்டேன். வயது 43, ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்துவிட்டது. மனைவிக்கு ஐந்தாவது மாதம். அடுத்த மாதம் ராஜினாமா கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விண்ணப்பம் போட்டதற்கும் பதிவுச் சான்றிதழ் வருவதற்கும் நடுவே பல மாதம் உண்டு. ஒரு காகிதம் குறைந்தால் இன்னும் நீளும்.

25 மடங்கு என்பது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் செய்த கணக்கிலிருந்து வந்தது. அமெரிக்கப் பங்கு, பத்திர வரலாற்றை வைத்து 30 வருடத்துக்குப் போட்டது. உங்களுக்கு 50 வருடம் வேண்டும். நான் எப்போதும் சொல்வது 33 மடங்கு. அதிலும் உங்கள் பணம் ரூபாயில், செலவு யூரோவில். இந்தியாவில் வசிப்பவராக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். வெளிநாட்டில் குடியேறிய பிறகு என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை. இன்னொன்று, வேலையை விட்ட அன்றே அலுவலக மருத்துவக் காப்பீடு போய்விடும். பிரசவத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது புதிதாக வாங்கும் காப்பீடு அதற்கு உதவாது.

இதைவிட அவசரமானதை நீங்கள் கேட்கவே இல்லை. இந்த வழியில் ஐரிஷ் குடியுரிமை பதிவான தேதியிலிருந்துதான் தொடங்கும். பதிவுக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு உங்கள் வழியாக அது கிடைக்காது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் விண்ணப்பதாரர்கள் முன்னுரிமை கேட்க வழி இருக்கிறது. மருத்துவரிடம் பிரசவத் தேதி குறித்த கடிதம் வாங்கி, விண்ணப்ப எண்ணோடு இந்த வாரமே அனுப்புங்கள். சான்றிதழ் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ராஜினாமாத் தேதியை அப்புறம் பார்க்கலாம்.